புது 27 அங்குல கேமிங் மொனிட்டர்: வெள்ளவத்தை வீட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

போன மாதம் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு புது மொனிட்டர் வந்தது. வந்த நாளிலிருந்து தம்பியின் கூட்டாளிகள், மச்சான்மார், மேல்மாடி அங்கிள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என்ன மாதிரி, குடுத்த காசுக்கு ஏற்றதா, பழையதை விட உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறதா? வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை எல்லாம் சேர்த்து, கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலிலேயே ஒன்று. திரையில் பழுது இருக்கிறதா என்பதை வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். படம் நல்லதா இல்லையா என்பதை ஒரு கிழமை போகும்வரை சொல்லக் கூடாது. நான் முதல் தடவை இரண்டையும் மாற்றிச் செய்தேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

எந்த மாதிரி மொனிட்டர்? முன்பு என்ன இருந்தது?

27 அங்குலத் தட்டைத் திரை, ஐபிஎஸ் பனல் (பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை), 2560க்கு 1440 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்), 180 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 180 தடவை படத்தை மாற்றும்). கொம்பியூட்டரில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட், திரைக்குப் படத்தை உருவாக்கித் தருவது அதுதான். முன்பு 24 அங்குலம், 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ் திரை ஒன்று இருந்தது. எட்டு வருடம் உழைத்தது. இன்றும் வேலை செய்கிறது, தம்பியின் மேசையில் இருக்கிறது. கம்பனிப் பெயரைக் கேட்காதீர்கள். இந்த அளவில் இந்த வகைத் திரைகள் பல பெயர்களில் வருகின்றன, நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்ததும் மனதில் பட்டது என்ன?

அளவு. கடையில் பத்துத் திரைகளுக்கு நடுவில் பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்த பொருள், வீட்டு மேசையில் வைத்ததும் சுவரையே மறைத்தது. 27 அங்குலம் என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. அகலத்தில் ஏறத்தாழ 60 சென்றிமீற்றர், உயரத்தில் 34. பழைய 24 அங்குலத்தின் அகலம் 53. ஏழு சென்றிமீற்றர்தானே என்று நினைப்போம், ஆனால் பரப்பளவு நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வாங்கும் முன் ஒரு பழைய பத்திரிகையை 60க்கு 34 என்று வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். மேசையின் ஆழத்தையும் அளவுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 60 முதல் 70 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால் மட்டும் 20 சென்றிமீற்றருக்கு மேல் பிடித்துக்கொள்ளும். 50 சென்றிமீற்றர் ஆழமான படிக்கும் மேசையில் இந்தத் திரையை வைத்தால் முன்வரிசையில் இருந்து படம் பார்ப்பது போலக் கழுத்து வலிக்கும்.

அப்புறம் பிளக். எங்கள் வீடு பழைய வீடு, சுவரில் உருண்டை முள் சொக்கட். பெட்டிக்குள் வந்தது 13 அம்பியர் சதுர முள். அதுதான் இப்போது நாட்டின் நியமம் என்பதால் சொக்கட்டை மாற்றுவதே சரி. தளர்ந்த அடாப்டரில் சொருகி, தீப்பொறி பறக்க விட வேண்டாம்.

முதல் நாள் எதைப் பரிசோதிக்க வேண்டும்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2560ஐ 1440ஆல் பெருக்கினால் 36,86,400. அத்தனை பிக்சல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு புள்ளிகள். மொத்தம் ஒரு கோடி பத்து இலட்சத்துக்கு மேல். அதில் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலும், இருட்டுக் காட்சியில் அது மட்டும்தான் கண்ணில் படும். பார்ப்பது எப்படி? முழுத்திரைக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகப் போடுங்கள். ஐந்து நிறப் படங்களை நீங்களே விண்டோஸின் பெயின்ட்டில் செய்துகொள்ளலாம். திரையை முதலில் மென்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசியைப் பார்த்துப் பயப்படுவீர்கள். கறுப்பில் எரியும் புள்ளி தெரியும், வெள்ளையில் செத்த புள்ளி தெரியும்.

பிறகு இரவில் அறை லைட்டை அணைத்து, கறுப்புப் படத்தை மட்டும் வைத்து மூலைகளைப் பாருங்கள். ஐபிஎஸ் திரையில் மூலைகள் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். தலையை அசைக்கும்போது அந்த வெளிறல் மாறினால் அது அந்தப் பனலின் இயல்பு, அதனோடு வாழப் பழகலாம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விளிம்பில் அதே இடத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒளி கசிந்தால் அது பின்விளக்கின் ஒளிக்கசிவு. அதிகமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கக் காரணம் உண்டு. ஃபோனில் படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டில் ஃபோன் கமரா ஒளியைக் கூட்டி எடுக்கும், நல்ல திரையும் அதில் மோசமாகத் தெரியும்.

கடைசியாக, மெனு பட்டன்கள், எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் வாய்கள், ஹெட்போன் ஓட்டை என்று ஒவ்வொன்றையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்றைக்குத் தேவையில்லாத வாய் ஒரு வருடம் கழித்துத் தேவைப்படலாம்.

உங்களுக்கு முதலில் வந்த திரையில் என்ன பழுது?

இடது கீழ்ப்பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, எப்போதும் எரிந்தபடி. வந்த அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திறந்தவுடன் கேம் போட்டு, இரவு ஒரு மணிவரை தம்பியும் நானும் மாறி மாறி விளையாடிவிட்டுப் படுத்துவிட்டோம். மூன்றாம் நாள் குகைக்குள் நடக்கும் ஒரு காட்சியில் தம்பிதான் கேட்டான், "அண்ணா, அந்த லைட் என்ன, எதிரியா?" எதிரி இல்லை, எங்கள் திரை.

அடுத்த நாள் பெட்டியோடு ஓட்டோவில் கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர், "தம்பி, ஒரு புள்ளிக்கெல்லாம் கம்பனி மாற்றித் தராது, குறைந்தது மூன்று புள்ளி இருக்க வேண்டும்" என்றார். "அண்ணா, வாங்கி நாலு நாள்தான் ஆகிறது, பெட்டி, ரெஜிஃபோம், பில் எல்லாம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லி, கறுப்புப் படத்தைக் கடையிலேயே போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஃபோனில் பேசிவிட்டு வேறொன்றை எடுத்துத் தந்தார். அதை அங்கேயே திறந்து ஐந்து நிறமும் போட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டு வந்தோம். ஒரு கிழமைக்கு மேல் போயிருந்தால் மாற்றியிருக்க மாட்டேன் என்று அவரே சொன்னார்.

அப்படியானால் ஒரு புள்ளிக்கு மாற்றித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

புள்ளிக் குறைகளுக்கு ஐஎஸ்ஓ 9241-307 என்று ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது. அது திரைகளை வகுப்புகளாகப் பிரித்து, பத்து இலட்சம் பிக்சலுக்கு எத்தனை குறை இருக்கலாம் என்று சொல்கிறது. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் திரைகள் பெரும்பாலும் சில குறைகளை அனுமதிக்கும் வகுப்பில்தான் வருகின்றன. கம்பனிகள் "இத்தனை புள்ளிக்குக் குறைந்தால் இல்லை" என்று சொல்வது இதனால்தான். எனவே காசு கொடுக்கும் முன்பே, "ஒரு புள்ளி எரிந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சொன்ன வாரண்டியையே மறுத்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அதற்கும் பில் வேண்டும்.

180 ஹெர்ட்ஸ் வாங்கினேன், பழையது மாதிரியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் பல நேரம் புதுத் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் டிஸ்பிளேக்குப் போய் நீங்களே 180ஐத் தெரிவு செய்ய வேண்டும். மச்சான் ஒருவர் 144 ஹெர்ட்ஸ் திரையை ஒரு வருடத்துக்கு மேல் 60இல் ஓட்டியிருக்கிறார். நான் மாற்றிவிட்டு மவுஸை ஒருமுறை அசைக்கச் சொன்னேன், பேச்சே வரவில்லை.

அந்தப் பட்டியலில் 180 தெரியவே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 வாய் வழியாக 1440 திரைக்கு 144 ஹெர்ட்ஸ்வரைதான் சாதாரணமாகப் போகும், அதற்கு மேல் அந்த வழியில் இடம் இல்லை. டிஸ்பிளேபோர்ட் 1.4 இல் 180 தாராளமாகப் போகும். ஆகவே பெட்டியில் டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே போடுங்கள். இன்னொன்று, கேபிளை மதர்போர்டின் வாயில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்ட்டின் வாயில் சொருகுங்கள். சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

60க்கும் 180க்கும் கண்ணுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். எப்படி என்று கிரிக்கெட்டை வைத்துச் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு அதுதான் சுலபம்.

மணிக்கு 140 கிலோமீற்றர் வேகப் பந்து ஒரு செக்கனில் 39 மீற்றர் போகிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் மாற்றும். அதற்குள் பந்து 65 சென்றிமீற்றர் தாண்டிவிடும். அதாவது திரையில் நீங்கள் பார்ப்பது 65 சென்றிமீற்றர் இடைவெளியில் தாவும் பந்து. 180 ஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 22 சென்றிமீற்றருக்கும் கீழே. பந்துவீச்சாளர் கையிலிருந்து துடுப்பாட்டக் கோடுவரை ஏறத்தாழ 17.7 மீற்றர். வேகம் குறையாமல் வந்தால் 60இல் உங்களுக்குக் கிடைப்பது 27 படம், 180இல் 82 படம். எந்தப் படத்தில் பந்து குத்தி எழும்புகிறது என்பதை 82இல் பிடிப்பது எளிது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது தெளிவு. பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டர்களை ஞாபகம் இருக்கிறதா? இருபது வருடத்துக்கு முன் காலி வீதி நெட் கஃபேகளில் பின்பக்கம் பருத்த அந்த மொனிட்டர்களில்தான் நாங்கள் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடினோம். அவை ஒவ்வொரு படத்தையும் மின்னல் மாதிரி ஒரு கணம் காட்டிவிட்டு அணைந்துவிடும். அதனால் வேகமாகத் திரும்பினாலும் எதிரியின் உருவம் கலங்காது. தட்டைத் திரை அப்படியில்லை. அடுத்த படம் வரும்வரை இதே படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நம் கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கண் போகிறது, படம் நிற்கிறது, அந்த இழுவைதான் மங்கலாகத் தெரிகிறது. செக்கனுக்கு 960 பிக்சல் நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120இல் 8, 180இல் 5 சொச்சம்.

அதனால்தான் இந்தத் திரையில் தெருவைச் சுற்றி வேகமாகத் திரும்பும்போது சுவரில் எழுதியிருப்பதை வாசிக்க முடிகிறது. முதல் முறை அப்படி வாசித்தபோது எனக்கு அந்த நெட் கஃபே ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் தட்டைத் திரையில் எதை இழந்திருந்தேன் என்று அன்றுதான் புரிந்தது.

பெட்டியில் 1 மில்லிசெக்கன் என்று போட்டிருக்கிறது. உண்மையா?

அது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம். ஏதோ ஒரு செட்டிங்கில், ஏதோ ஒரு நிற மாற்றத்துக்கு உண்மையாக இருக்கலாம். மெனுவில் அந்த மாற்றத்தை வேகமாக்கும் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும். அதை ஆகக் கூட்டி வைத்தால்தான் அந்த இலக்கம் வரும். அப்படி வைத்தால் ஓடும் பொருளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வருகிறது. என் திரையில் நடு அளவு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு திரைக்கும் இது மாறும், நீங்களே மூன்று அளவையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விஏ பனல் மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் ஐபிஎஸ்?

விஏ என்பது இன்னொரு பனல் வகை, அதில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். இருட்டு அறையில் படம் பார்க்கிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் மலிவான விஏ திரைகள் பலவற்றில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும்போது மெதுவாகத்தான் மாறும். இருட்டில் ஓடும் உருவத்துக்குப் பின்னால் மை கசிந்த மாதிரி ஒரு கோடு இழுபடும். கேமுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. டிஎன் என்ற மற்றொரு வகைப் பனல் வேகம்தான், ஆனால் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்த்தாலே நிறம் மாறிவிடும். தம்பியும் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் அது சரிவராது.

வளைந்த திரை எடுக்காதது ஏன்?

34 அங்குல அகலத் திரைக்கு வளைவு தேவை, இல்லாவிட்டால் ஓரங்கள் தூரமாகிவிடும். 27இல் அந்தப் பிரச்சினை இல்லை. நான் வீட்டில் வரைபடம் வரையும் வேலையும் செய்கிறேன், நேர்கோடு நேராகத் தெரிய வேண்டும்.

ஆட்களின் முகம் எல்லாம் சிவந்து தெரிகிறது. பழுதா?

பழுது இல்லை. இப்போதைய திரைகள் பலவற்றுக்குப் பழைய நியமத்தை விட அகலமான நிற எல்லை இருக்கிறது. சாதாரணப் படத்தை அப்படியே நீட்டிக் காட்டினால் வெயிலில் நின்றவர் போல முகம் சிவக்கும், புல் கண்ணைப் பறிக்கும் பச்சையாக மின்னும். கடையில் அதுதான் கண்ணைக் கவரும். முதல் இரண்டு நாள் எனக்கும் அது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் அக்காவின் கல்யாணப் படங்களைத் திறந்தேன். அவளுடைய மாம்பழ மஞ்சள் கூறை தோடம்பழ நிறத்தில் இருந்தது. கையில் இருந்த அல்பத்தோடு ஒப்பிட்டதும் முடிவு செய்துவிட்டேன். மெனுவில் எஸ்ஆர்ஜிபி (அந்தப் பழைய நிற நியமம்) என்று ஒரு நிலை இருக்கும், அதற்கு மாற்றினால் கூறை மஞ்சளுக்குத் திரும்பிவிடும். வெளிச்சத்தையும் குறையுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது கடை வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி ஆக உச்சத்தில் இருக்கும், வீட்டு அறைக்கு அதில் பாதியே கூட.

நிறத்துக்குக் கண் பழக மூன்று நான்கு நாள் எடுக்கும். சரியான நிலைக்கு மாற்றியதும் முதலில் "மங்கிப்போச்சு" என்றுதான் தோன்றும். ஒரு கிழமை விடுங்கள், பிறகு பழைய சிவப்பு நிலைக்குப் போனால் அதுதான் பிழை என்று தெரியும். ஒரு கிழமைக் கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

எச்டிஆர் 400 என்று ஸ்டிக்கர் இருக்கிறது, போடலாமா?

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை. போட்டேன், அணைத்துவிட்டேன். திரைகளுக்கு நியமம் வகுக்கும் வெசா அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்த டிஸ்பிளேஎச்டிஆர் தரங்களில் 400 என்பது அடிப்படைப் படி. அதில் திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் வசதி கட்டாயம் இல்லை. வெளிச்சம் கூடும்போது கறுப்பும் சேர்ந்து வெளிறும். அந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

என் கிராபிக்ஸ் கார்ட் 1440க்குத் தாங்குமா?

1080 திரையில் இருப்பது 20,73,600 பிக்சல். 1440இல் அதைப் போல 1.78 மடங்கு. அந்த அளவுக்குக் கார்ட்டுக்கு வேலை கூடும். என் 3060இல் போட்டிக் கேம்கள் தரத்தைக் கொஞ்சம் குறைத்தால் செக்கனுக்கு 144 படத்துக்கு மேல் போகின்றன. பெரிய கதை கேம்கள் 60க்கும் 80க்கும் நடுவில் நிற்கின்றன. அங்கேதான் மாறும் ஹெர்ட்ஸ் வசதி கைகொடுக்கிறது. கார்ட் படத்தை எப்போது தருகிறதோ அப்போது திரை மாற்றிக்கொள்ளும், படம் நடுவில் கிழிந்து தெரியாது. இந்த வசதியை கார்ட் கம்பனியான என்விடியா 2013இல் ஜிசிங்க் என்று அறிவித்தது, போட்டிக் கம்பனியான ஏஎம்டி அடுத்த வருடம் ஃபிரீசிங்க்கைக் காட்டியது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்ட்களும் ஃபிரீசிங்க் திரைகளோடு சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் கூட விலை கொடுத்து ஜிசிங்க் திரை தேட வேண்டியதில்லை. திரையின் மெனுவிலும் கார்ட்டின் செட்டிங்கிலும் இரண்டு இடத்திலும் அதை ஓன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கார்ட் ஐந்தாறு வருடம் பழையது, அதை மாற்றக் காசு இல்லை என்றால், 24 அங்குல 1080 திரையில் 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் வாங்குங்கள். அது குறைந்த தெரிவு இல்லை. போட்டிக் கேம் மட்டும் விளையாடுகிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) போட்டால்?

நன்றாக இருக்கும், ஆனால் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 1440க்கான ஆதரவே 2022 செப்டெம்பரில்தான் அதற்கு வந்தது. மாறும் ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் திரையில் எச்டிஎம்ஐ 2.1 வாய் இருக்க வேண்டும். ஃபிரீசிங்க் மட்டும் இருந்தால் பிஎஸ்5 அதைக் கண்டுகொள்ளாது.

பிங் குறையுமா?

குறையாது. பிங் என்பது தகவல் கொழும்பிலிருந்து சென்னையிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள கேம் சேர்வருக்குப் போய்வரும் நேரம், அது உங்கள் இணைப்பின் விஷயம்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். திரைக்குக் கெடுதல் உண்டா?

எங்கள் ஒழுங்கை நேரே மரைன் டிரைவில் போய் முடிகிறது. ரயில் போகும் சத்தமும் உப்புக் காற்றும் சேர்ந்துதான் வீட்டுக்குள் வரும். ஜன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே உப்பும் ஈரமும் கேபிள் முனைகளையும் பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை கரண்ட்டை அணைத்துவிட்டுக் கேபிள்களைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுகிறேன். பாவிக்காத வாய்களின் ரப்பர் மூடியைக் கழற்றவே இல்லை. திரையைத் துடைக்கும்போது தண்ணீரை நேரே தெளிக்கக் கூடாது, வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் போய்விடும். துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. மழைக்குப் பின் பின்னேரங்களில் லைட்டைத் தேடி வரும் சின்னப் பூச்சிகள் சட்டத்தின் இடுக்கு வழியாகத் திரைக்குள்ளேயே போய்விடும். உள்ளே ஊர்வதைக் கண்டால் விரலால் அழுத்தாதீர்கள். நசுங்கினால் அது அங்கேயே தங்கிவிடும். திரையை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மேசை விளக்கைப் போட்டு விடுங்கள், தானாக வெளியே வரும். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படித்தான் வந்தது.

எங்கள் அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஐந்தரை மணியிலிருந்து சூரியன் மறையும்வரை, சொரசொரப்பான பூச்சு இருந்தும் திரையில் ஒன்றும் தெரியாது. மேசையைப் பக்கச் சுவருக்கு நகர்த்திய பிறகுதான் சரியானது.

மின்வெட்டு? யூபிஎஸ் வாங்க வேண்டுமா?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது அப்படியில்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மொனிட்டர் குடிக்கும் கரண்ட் குறைவுதான், கொம்பியூட்டரின் கார்ட்தான் கூடக் கேட்கும். சாதாரண யூபிஎஸ் விளையாட்டை முடிக்க உதவாது, சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்க உதவும். அதற்கே வாங்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ரவுட்டரின் வயரும் அதில் சேர்த்தி.

தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது?

இதை யாருமே விமர்சனங்களில் சொல்வதில்லை, எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த விஷயம் இது. 24 அங்குல 1080 திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல். இந்தத் திரையில் 109. ஆங்கில எழுத்தில் நேர்க்கோடுகள் அதிகம், பிக்சல் குறைந்தாலும் சமாளித்துவிடும். நம் எழுத்தோ சுழியும் வளைவும். "ஞ", "ணு", "ழூ" எல்லாம் பழைய திரையில் சின்ன அளவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். "ங்", "ந்" மேலே இருக்கும் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். இப்போது புள்ளி தனியாக நிற்கிறது. தம்பி உயர்தரப் பாடக் குறிப்புகளைப் பக்கம் முழுவதும் திறந்து வைத்துப் படிக்கிறான். அம்மா காலையில் வீரகேசரி மின்பத்திரிகையைப் பெரிதாக்காமலே வாசிக்கிறார். கேம் விளையாட வாங்கிய திரையை ஒரு நாளில் அதிக நேரம் பாவிப்பது இப்போது அவர்தான்.

எழுத்து மங்கலாக இருந்தால் விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப் என்று தேடி ஒருமுறை சரிசெய்யுங்கள். அளவை 100 அல்லது 125 வீதத்தில் வையுங்கள்.

கண் வலிக்கிறதா?

முதல் மூன்று நாள் வலித்தது, வெளிச்சம் கூட என்பதால். குறைத்த பிறகு இல்லை. இரவில் அறை லைட்டை முழுவதும் அணைத்து விளையாடாமல், திரைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியவிடுகிறோம். அது நல்ல மாற்றம்.

எங்கே வாங்கலாம், எப்போது வாங்கலாம்?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு ஒரு நாள் போய் எல்லாத் தளமும் ஏறி இறங்குங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணால் பார்த்து விலை கேட்டு எழுதிக்கொள்ளலாம். நானும் தம்பியும் 2020இலேயே திரை வாங்க நினைத்தோம். அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, சாமான் குறைந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் ஏறத்தாழ 360க்குப் போனது, ஆசையையே விட்டுவிட்டோம். 2024 ஜனவரியிலிருந்து வட் வரி 18 வீதம். ஆகவே சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், காசாகக் கொடுத்தால் ஒரு விலை, கிரெடிட் கார்ட்டுக்கு ஒரு விலை என்பதையும் கேளுங்கள். நூறு ரூபாய்க் கணக்கு வித்தியாசத்துக்காக வாரண்டி குறைந்த கடைக்குப் போகாதீர்கள். திரைக்கு மூன்று வருட வாரண்டி கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன.

ஒரு மாதம் ஆகிவிட்டது. இப்போது என்ன குறை?

ஸ்டாண்ட். மேலே கீழே போகாது, முன்னே பின்னே சாயும், அவ்வளவுதான். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், எனக்கு அது கீழே நிற்கிறது. பின்னால் 100க்கு 100 மில்லிமீற்றர் துளைகள் இருக்கின்றன, திரையைத் தாங்கும் மொனிட்டர் கை (ஆர்ம்) ஒன்று வாங்கிப் பூட்டலாம். வாங்கும் முன் உங்கள் திரையில் அந்த நான்கு துளைகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள், சில மலிவுத் திரைகளில் இல்லை. அந்த ஆர்முக்குக் காசு சேரும்வரை தச்சு வேலை செய்யும் மாமாவிடம் ஒரு பலகைப் பெட்டி கேட்டிருக்கிறேன், பதின்மூன்று சென்றிமீற்றர் உயரம். அளவை எழுதி அனுப்பியாயிற்று, சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை இரண்டு தடித்த பழைய தொலைபேசி விபரக்கொத்துகளின் மேல் நிற்கிறது.